சியமந்தகமும் சான்றிதழும்

தோஷமே இல்லாத கனக புஷ்பராகம் வேண்டும் என்று குருப்பெயர்ச்சி நெருங்கும்போதெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். நான் கல் விற்பவள் அல்ல, சோதித்துச் சொல்பவள். ஆனால் தி.நகரில் நகைக்கடைகளுக்கு மேலே மாடியில் போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவளிடம் அந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை. ஜோதிடர் எழுதிக் கொடுத்த சீட்டில் ‘கீறல், புள்ளி, ரேகை கூடாது’ என்று இருக்கும். சிலர் கையோடு வாங்கியே வந்துவிடுவார்கள். பளிச்சென்ற மஞ்சள், ஏழெட்டு காரட், லூப் வைத்துப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அதில்தான் திருப்தி. எனக்கு அதில்தான் சந்தேகம்.

பூமிக்குள் வளரும் கல் பக்கத்தில் கிடந்த ரூட்டைல் ஊசிகளையும் ஸிர்க்கான் மணிகளையும் துளித் திரவத்தையும் விழுங்கிக்கொண்டே வளரும். நடுவில் விரிசல் விட்டு மறுபடி ஒட்டிக்கொண்டால் அந்தத் தடமும் உள்ளே நிற்கும். தொழிலில் அதைக் கைரேகை என்போம். மைக்ரோஸ்கோப்பில் நான் தேடுவது இவற்றைத்தான். பெரிய கல், குறைந்த விலை, உள்ளே சுத்தம் என்றால் பெரும்பாலும் கண்ணாடி, அல்லது உலையில் செய்தது. சில நேரம் சிட்ரின். ரிஃப்ராக்டோமீட்டரில் 1.76 காட்ட வேண்டியது 1.55 பக்கம் நிற்கும். ஒரு நிமிஷத்தில் விஷயம் முடிந்துவிடும். ஆக, சாஸ்திரம் தோஷம் என்று தள்ளுவது எனக்குச் சாட்சி.

சாஸ்திரம் எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் மாணிக்கத்தை உலையில் வளர்க்க யாருக்கும் தெரியாது. மண்ணிலிருந்து வந்தவற்றில் எது உசத்தி என்பதுதான் பெரிய கேள்வி. திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம் என்று ஒன்று உண்டு. முடிசூட்டக் கிரீடம் இல்லாமல் திகைக்கிற பாண்டிய நாட்டு அமைச்சர்களிடம் சொக்கநாதர் கல் வியாபாரியாக வந்து, ரத்தினங்களின் பிறப்பையும் குணதோஷங்களையும் தாமே எடுத்துச் சொல்கிறார். யாரும் அவரிடம் சர்ட்டிபிகேட் கேட்கவில்லை.

என் அப்பா கும்பகோணத்தில் தமிழாசிரியர். மாலையில் வீட்டுத் திண்ணையில் சித்தாந்த வகுப்பு நடத்துவார். சிவஞான சித்தியார் அளவையில் தொடங்குகிறது. இறைவனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், எதைக் கொண்டு எதை அறிகிறோம் என்று தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். காண்டல், கருதல், உரை. மற்ற அளவைகள் எத்தனை சொன்னாலும் இந்த மூன்றில் அடங்கும் என்பது நூலாசிரியர் அருணந்தியாரின் முடிவு. சின்ன வயதில் இது எனக்குக் கசந்தது. மாநிலக் கல்லூரியில் புவியியல் படித்து, கல் சோதனைக்கு வந்த பிறகுதான் திண்ணையில் காதில் விழுந்ததெல்லாம் தினசரி வேலைக்கு வந்து நின்றது.

ஒரு ஆச்சி வந்திருந்தார். காரைக்குடிப் பக்கம். கெம்பு அட்டிகை ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். “எங்க ஆயா போட்டுக்கிட்டதும்மா. ரங்கூன்லேர்ந்து வந்த கல்லு. கோயிலுக்குக் குடுக்கலாம்னு இருக்கோம், அதுக்கு முன்னாடி என்னா ஏதுன்னு பாத்துக் குடு” என்றார். பர்மாவில் கொண்டுவிற்ற குடும்பங்களில் இப்படிப்பட்ட நகைகள் நிறைய. பின்பக்கம் மூடிக் கட்டியது, கற்களைக் கழற்றவும் கூடாது என்றார்கள். ஃபைபர் விளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். முதல் கல்லில் குட்டையான ரூட்டைல் ஊசிகள் ஒன்றையொன்று அறுபது பாகையில் வெட்டிக்கொண்டு கிடந்தன. நல்ல பர்மா மாணிக்கம். அடுத்ததும் அப்படியே. நடு வரிசைக்கு வந்தபோது ஊசிகள் இல்லை. கல்லை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். கிராமபோன் தட்டில் இருப்பதுபோல் மெல்லிய வளைகோடுகள் வரிசையாக எழுந்துவந்தன. ஓரத்தில் இரண்டு காற்றுக் குமிழ்கள்.

மண்ணில் விளைந்த மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடு வளையாது. நேராகப் போய்க் கோணத்தில் திரும்பும். வளைகோடு என்றால் வெர்னாய் உலை. ஃபிரெஞ்சுக்காரரான ஓகுஸ்ட் வெர்னாய் 1902இல் அறிவித்த முறை அது: அலுமினா பொடியில் துளி குரோமியம் கலந்து, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எரியும் சுடர் வழியாக உதிர விட்டால், 2000 டிகிரிக்கு மேல் உருகிக் கீழே சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து மாணிக்கமாகும். 1907இலேயே ஆண்டுக்கு 1000 கிலோ தயாரானது. அது கப்பலேறிக் கிழக்கே வர எத்தனை நாள் ஆகும்? ஆச்சியின் ஆயாவுக்கு விற்றவன் அறிந்து விற்றானா, அவனே ஏமாந்தானா, இனி யாராலும் சொல்ல முடியாது.

“அப்ப இதெல்லாம் பொய்யா?” என்று கேட்டார் ஆச்சி.

இந்தக் கேள்விக்கு இந்தியத் தத்துவத்தில் ஒரு நிரந்தர உதாரணம் தயாராக இருக்கிறது. கடற்கரையில் கிடக்கும் சிப்பியை வெள்ளி என்று நினைத்து ஒருவன் குனிகிறான். அவன் கண்ட வெள்ளி எங்கே இருந்தது? எங்கோ கண்ட வெள்ளியை இங்கே ஏற்றிப் பார்க்கிறான் என்பார் நையாயிகர். இருக்கிறது என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாதது என்பார் அத்வைதி. எல்லாப் பொருளிலும் எல்லாப் பூதங்களும் கலந்திருப்பதால் சிப்பியிலும் வெள்ளியின் அம்சம் கொஞ்சம் உண்டு, அதனால் பார்வை பொய்யில்லை, வெள்ளி போதவில்லை என்பதே குறை என்பார் ராமானுஜர். நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வழக்கு இது.

ஆனால் வெர்னாய் மாணிக்கத்தின் முன் இந்த உதாரணம் கைகொடுக்காது. சிப்பியில் வெள்ளி இல்லை, அல்லது கொஞ்சம்தான் இருக்கிறது. ஆச்சியின் நடு வரிசைக் கல்லிலோ மாணிக்கம் முழுக்க இருக்கிறது. அதே அலுமினியம், அதே ஆக்ஸிஜன், அதே குரோமியம், அதே படிக அமைப்பு, அதே கடினம், ஒளிவிலகல் எண்ணும் அதே. மாணிக்கத்தைப் பார்த்து மாணிக்கம் என்றவன் எங்கே பிழை செய்தான்? கல்லில் இப்போது இருக்கும் எதைப் பற்றியும் அவன் தவறாகச் சொல்லவில்லை. கல்லுக்கு முன்பு நடந்ததைப் பற்றித்தான் தவறாகச் சொன்னான். நடந்தது கண்ணுக்குத் தெரியாது. வளைகோட்டை வைத்துக் கருதி அறிவது அது.

ஆச்சியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “கல்லு ஒண்ணும் பொய் சொல்லல ஆச்சி, வித்தவங்க சொன்னதுதான் பொய்” என்றேன். அவர் நினைவு கோயிலில்தான் இருந்தது. “அப்பிடின்னா அம்மனுக்குச் சாத்தலாமா?”

சாத்தலாம் என்றே சொன்னேன், இன்றும் அதுதான் என் கருத்து. நம் ஆகமங்கள் சுயம்பு லிங்கத்தையும் மானுட லிங்கத்தையும் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. தானாய்த் தோன்றியதற்கு ஏற்றம் அதிகம். ஆனால் சிற்பி செதுக்கிப் பிரதிஷ்டை செய்ததை எவரும் போலி லிங்கம் என்பதில்லை. உளியால் ஆனது என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே கும்பிடுகிறோம். அதைச் சுயம்பு என்று கதைகட்டி உண்டியல் வைத்தால்தான் குற்றம். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளில் செயற்கைக் கெம்பு பதிப்பது ஊரறிந்த சங்கதி. அவற்றைப் போட்டு ஆடும் பெண்களும் வாங்குகிறவர்களும் ஏமாறவில்லை. காணிக்கைச் சீட்டில் ‘செயற்கை மாணிக்கம்’ என்று எழுதிக் கொடுங்கள், அவ்வளவுதான் என்றேன். ஆச்சிக்கு அந்தச் சொல் உறுத்தியது. மகனைக் கேட்டுச் சொல்வதாகக் கிளம்பிவிட்டார்.

முத்து விஷயத்தில் இந்த உறுத்தல் உலகத்தையே ஒருமுறை ஆட்டியிருக்கிறது. 1917இல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ மாளிகை ஒன்று இரண்டு சர முத்துமாலைக்கும் 100 டாலருக்கும் கார்ட்டியே நிறுவனத்துக்குக் கைமாறியது. மாலையின் மதிப்பு 10 லட்சம் டாலர். சில ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து மிகிமோட்டோவின் வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்தன. பயந்துபோன வியாபாரிகளுக்காக லண்டன் வர்த்தகச் சங்கம் 1925இல் ஹாட்டன் கார்டனில் ஒரு சோதனைக்கூடம் திறந்தது, பி.டபிள்யூ. ஆண்டர்சன் என்ற இளைஞர் அங்கே உட்கார்ந்து முத்தின் துளைக்குள் ஒளியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தொழிலே அந்தப் பயத்தில் பிறந்ததுதான். மாலை பல ஆண்டுகள் கழித்து விலைபோனபோது பழைய மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. அதன் முத்துகளில் ஒன்றும் மாறியிருக்கவில்லை.

சிப்பிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. தானாக வழிதவறிய சதைத் துணுக்கைச் சுற்றியும் பூசும், மனிதன் வைத்த உருண்டையைச் சுற்றியும் பூசும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். 1973இல் அதே கடலோரத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் உருண்டை வைத்து முத்து எடுத்துக் காட்டினார்கள். சுவாதி மழைத்துளி என்று பாட்டிமார் சொன்னதும் தப்பு, நாடாப்புழுவின் இளம்புழுப் பருவம் என்று நூறாண்டுக்கு முன் ஹெர்ட்மனும் ஹார்னலும் எழுதியதும் பெரும்பாலும் தப்பு. எக்ஸ்ரேயில் நடுவில் உருண்டை தெரிகிறதா என்பதோடு என் வேலை பாதி முடிகிறது.

கல் எந்த ஊர் என்று கேட்டால்தான் கருதல் அளவை உண்மையில் சிரமப்படும். காஷ்மீர் நீலம் 1880களில் சில ஆண்டுகள் மட்டும் அள்ளப்பட்டது. அந்தப் பெயர் வந்தால் விலை எங்கோ போய்விடும். இலங்கை நீலத்துக்கு நீண்ட, மெல்லிய ரூட்டைல் பட்டும் குறைந்த இரும்பும் அடையாளம் என்று என் ஆசிரியர்கள் சொல்லித் தந்தார்கள். புகை கண்ட இடத்தில் நெருப்பு, இந்தப் பட்டு கண்ட இடத்தில் இலங்கை. 1998 வாக்கில் மடகாஸ்கரில் இலகாகா என்ற இடத்தில் நீலக்கல் வாரி வாரி வந்தது. பார்த்தால் அதே பட்டு. ஆச்சரியமே இல்லை: இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் கோண்டுவானா நிலத்தில் ஒட்டியிருந்தவை, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மலையாக்கத்தில் வெந்தவை. நெருப்பிருந்தால் புகை இருக்கும் என்பவனிடம், ஈர விறகு இருந்தால்தான் என்று தர்க்க நூல்கள் உபாதி காட்டும். பட்டுக்குக் காரணம் இலங்கை அல்ல, அந்தப் பழைய பாறை. பட்டு என்றால் இலங்கை என்ற எங்கள் வியாப்திக்கு நடுவே ஓர் ஈர விறகு இருந்ததை ஒரு புதுச் சுரங்கம் காட்டிக்கொடுத்தது. இப்போது லேசரால் கல்லில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் போட்டு காலியம், மக்னீசியம், வனேடியம் எல்லாம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். என்னிடம் அந்தக் கருவி இல்லை. இருக்கிறவர்களும் சான்றிதழில் ‘எங்கள் கருத்து’ என்றுதான் போடுகிறார்கள். வாங்குகிறவர் அந்தச் சொல்லைப் படிப்பதே இல்லை.

பலன் கிடைத்தால் கல் நல்லது என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நீலக்கல்லைத் தலையணைக்கு அடியில் மூன்று ராத்திரி வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். அப்படி வைத்துப் பார்த்து, மோதிரம் போட்டு, பதவி உயர்வும் வந்த ஒருவர் பிறகு இன்ஷூரன்ஸுக்காக என்னிடம் கொண்டுவந்தார். 1.73 பக்கம் ஒற்றை விலகல். செல்சீ ஃபில்டரில் சிவப்பாக எரிந்தது. கோபால்ட் கலந்த செயற்கை ஸ்பினல். “ஆனா வேலை செஞ்சுதே மேடம்!” என்றார். செயல் பலித்தால் அறிவு சரி என்கிற நியாயத்தின் அளவுகோலை அவர் அறியாமலே பிடித்திருந்தார். தர்மகீர்த்தி இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். இருட்டில் ஒருவன் மணியின் ஒளியைக் கண்டு மணி என்று ஓடுகிறான், இன்னொருவன் விளக்கின் ஒளியைக் கண்டு மணி என்று ஓடுகிறான். ஒளியை மணி என்றதில் இருவருக்கும் பிழை. முதல்வன் கையில் மட்டும் மணி கிடைக்கிறது. வித்யாரண்யர் பஞ்சதசியில் இதையே உபாசனைக்கு எடுத்துக்கொண்டார்: பிழையாகவே இருந்தும் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிழை. பதவி உயர்வுக்காரர் சேர வேண்டிய இடம் சேர்ந்திருக்கலாம். அதனால் அவர் கல் நீலமாகிவிடாது. நான் ஸ்பினல் என்றே எழுதினேன், பிரீமியம் குறைந்தது.

இப்போது வேறொரு கூட்டம் வருகிறது: சர்ட்டிபிகேட்டையே டெஸ்ட் பண்ணச் சொல்லி. அட்டை ஒரிஜினலா, கியூஆர் கோட் சரியா, கொடுத்த லேப் நல்ல லேப்தானா. ஓர் அறிவு சரி என்று சொல்ல இன்னோர் அறிவு வேண்டுமென்றால் அதற்கும் ஒன்று வேண்டும், இப்படியே முடிவில்லாமல் போகும் என்று மீமாம்சகர் நையாயிகரை மடக்குவார்கள். அவர்கள் வழி வேறு: அறிவு பிறக்கும்போதே நம்பத் தகுந்தது, பின்னால் பாதகம் வந்தால் கைவிடு. லேப் நடத்துகிறவள் நையாயிகர் பக்கம்தான் நிற்பாள் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் மீமாம்சகர் பக்கம். 2001-02இல் தாய்லாந்திலிருந்து ஆரஞ்சு நிறப் பதுமராகங்கள் கூடை கூடையாக வந்தன. நல்ல நல்ல சோதனைக்கூடங்கள் வெறும் சூடு காட்டியவை என்று எழுதிக் கொடுத்தன. பிறகுதான் பெரிலியத்தை உள்ளே செலுத்தி நிறம் ஏற்றியது தெரிந்தது. பெரிலியம் அத்தனை லேசான தனிமம், வழக்கமான எக்ஸ்ரே கருவிக்கு அது தெரியாது. அதுவரை கொடுத்த சான்றிதழ்கள் பொய்யா? இல்லை. பாதகம் வரும்வரை அவை சரி, வந்த பிறகு இல்லை. எந்தச் சான்றிதழுக்கும் இதைவிடப் பெரிய அந்தஸ்து கிடையாது என்பதை ஒப்புக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சியமந்தக மணியின் கதையில் நமக்குப் பிடித்தது பாதிதான். விநாயக சதுர்த்தியன்று நிலாவைப் பார்த்துவிட்டால் பழி வரும், பரிகாரமாக அந்தக் கதையைக் கேள் என்பார்கள். மணியைக் கண்ணனே திருடினான் என்று ஊர் பேசுகிறது. அவன் காட்டுக்குப் போய்த் தடம் பிடிக்கிறான்: பிரசேனன் பிணம், செத்த சிங்கம், ஜாம்பவானின் குகை, அங்கே குழந்தையின் விளையாட்டுப் பொருளாக மணி. கைமாறிய வழியை முழுதாகக் காட்டி சத்ராஜித்திடம் திருப்பித் தருகிறான். கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். பாகவதத்தில் அடுத்த அத்தியாயம் இருக்கிறது. சததன்வா சத்ராஜித்தைக் கொன்று மணியை எடுத்து அக்ரூரரிடம் வைத்துவிட்டு ஓடுகிறான். கண்ணன் அவனைக் கொன்று தேடினால் மணி இல்லை. சொன்னால் பலராமனே முழுதாக நம்பவில்லை. கடைசியில் கண்ணன் அக்ரூரரை அழைத்து, அண்ணன்கூட நம்பவில்லை, மணியைக் காட்டும் என்று கேட்கிறான். எல்லோரும் பார்த்த பிறகு அவரிடமே கொடுத்துவிடுகிறான். பகவானின் உரை அளவை சொந்த அண்ணனிடமே செல்லவில்லை. அவர் கோபிக்கவுமில்லை, பொருளை நடுவில் வைத்தார். என் தொழிலுக்கு இதைவிடப் பெரிய முன்னோடி தேவையில்லை.

தடம் பிடிப்பதில் இன்று போட்டியே நடக்கிறது. பாஸலிலும் ஸூரிச்சிலும் உள்ளவர்கள் 2013இல் முத்தைத் துளைத்த பொடி 10 மில்லிகிராமிலிருந்து மரபணு எடுத்து, எந்தச் சிப்பி இனம் என்று சொல்லிக் காட்டினார்கள். ரேடியோ கார்பனால் முத்துக்கு வயதும் பார்க்கிறார்கள். லுசெர்னில் உள்ள கூபெலின் ஆய்வகம் 2017இல் மரகதத்துக்கு ஒன்று செய்தது. சுரங்கத்திலேயே கல்லை ஒரு திரவத்தில் ஊற வைப்பார்கள். மரபணு எழுதிய நுண்துகள்கள் விரிசல்களுக்குள் புகுந்து தங்கும். பட்டை தீட்டி நகையில் ஏறிய பிறகும் எடுத்துப் படிக்கலாம். விரிசலே இல்லாத மரகதத்தில் இது தங்க இடமில்லை. அதோடு, இதில் நான் கருதி அறிய ஒன்றுமில்லை. ஒருவர் சொன்ன சொல்லைக் கல்லுக்குள் வைத்து அனுப்புகிறார்கள். அது உரை அளவை.

வாங்குகிறவர் எதற்காகக் கேட்கிறார் என்பதுதான் எனக்குச் சிக்கல். பர்மா மாணிக்கத்தை அமெரிக்கா 2008இல் சட்டம் போட்டுத் தடுத்தது, ராணுவ ஆட்சிக்குப் பணம் போகிறதென்று. உலகமெங்கும் விலையை ஏற்றிய அதே ‘பர்மா’ என்ற சொல் அந்த ஊர்ச் சுங்கத்தில் கல்லை நிறுத்தியது. 2016இல் தடை விலகியது, சொல் மறுபடி விலையானது. சடப்பொருளுக்கு வினை கிடையாது, வினை உயிரைத்தான் பற்றும் என்பது சித்தாந்தம். ஆகவே குழியில் இறங்கிய பையனின் துன்பம் கல்லோடு ஒட்டி வந்து உங்கள் மோதிரவிரலில் உட்காராது. அப்படிச் சொல்லி விற்கிற ஜோதிடரும் இருக்கிறார், அவரை நான் ஏற்கவில்லை. ஆனால் மனம், வாக்கு, காயம் மூன்றாலும் செய்வது வினை. கேட்டால் தெரிந்துகொள்ளலாம் என்ற நிலையில் கேட்காமல் வாங்குவது அந்த மூன்றில் எதில் சேரும்? இருபது வருஷத்துக்கு முன்னால் ‘தெரியாது’ என்று சொல்லித் தப்பிக்கலாம், உண்மையிலேயே தெரியாது. இப்போது அந்த இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது.

என் படிவத்தில் எடை, அளவு, ஒளிவிலகல், சூடு காட்டியதா இல்லையா என்று கட்டங்கள் இருக்கின்றன. அடுத்த முறை அச்சடிக்கும்போது ‘தோண்டியவர் யார் என்பது இந்தச் சோதனையில் தெரியவராது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிவிட்டேன். கீழே கடை வைத்திருக்கும் தம்பி புரூஃபைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். “அக்கா, இதைப் படிச்சா கஸ்டமர் கேள்வி மேல கேள்வி கேப்பாங்க.” கேட்கட்டும் என்றேன். எழுத்தையாவது சின்னதாக்குங்கள் என்கிறார். அதற்குச் சம்மதித்திருக்கிறேன், லூப் இல்லாமல் படிக்கிற அளவுக்கு.